டிஎல்சி பூச்சு ஏன் போனது? அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வழி

பூச்சு உரிந்துபோன பாகம் கைக்கு வந்ததும் அதைத் துடைக்காதீர்கள். எண்ணெய் தடவாதீர்கள், உப்புத்தாள் பிடிக்காதீர்கள், "மறுபடியும் பூசிக் கொடுங்கள்" என்று உடனே திருப்பி அனுப்பவும் வேண்டாம். எந்த இடத்தில், எந்த அடுக்கில், எந்தக் கட்டத்தில் பிரிந்தது என்பதற்கான சாட்சி முழுவதும் அந்தக் காயத்தில்தான் இருக்கிறது. மறுபூச்சுக்கு அனுப்பினால் பழைய படலத்தை நீக்குவதுதான் அங்கே முதல் வேலை. சாட்சி அழிந்துவிடும், புதுப் பூச்சும் அதே இடத்தில் அதே விதமாகப் போகும். பல பக்கங்களிலிருந்து சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்து, பாகத்தை உலர்ந்த உறையில் போட்டு வைத்த பிறகு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

டிஎல்சி எனப்படும் வைரநிகர் கார்பன் படலத்தில் வைரத்தின் பிணைப்பும் கிராஃபைட்டின் பிணைப்பும் கலந்திருக்கும். ஒழுங்கான படிக அமைப்பு இருக்காது. டீசல் இன்ஜெக்டர் ஊசி, வால்வு டேப்பெட், ரேசர் பிளேடு, பிளாஸ்டிக் மோல்டின் எஜெக்டர் பின், அலுமினியம் வெட்டும் கருவி என்று உரசலும் தேய்மானமும் தொல்லை தரும் இடங்களில் எல்லாம் இதைப் பூசுகிறார்கள். இயந்திரப் பாகங்களில் தடிமன் பெரும்பாலும் 1 முதல் 4 மைக்ரான்தான். ஹார்டு டிஸ்க் தட்டில் சில நானோமீட்டர். இவ்வளவு மெல்லிய படலம் உரசலை எதிர்க்கும், ஆனால் சுமையைத் தாங்காது. சுமையைத் தாங்குவது கீழே உள்ள உலோகம். அதனால்தான் புகார் பூச்சின் பெயரில் வந்தாலும், காரணத்தைத் தேடினால் அது பூச்சுக்குக் கீழேயோ எதிரே உரசும் பாகத்திலோதான் அதிகம் கிடைக்கிறது.

எந்த வகை என்று முதலில் கேளுங்கள்

டிஎல்சி ஒரே பொருள் இல்லை. கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு, வகை தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

அசிட்டிலீன், மீத்தேன் போன்ற வாயுக்களை மின்ம (பிளாஸ்மா) நிலையில் பிளந்து படிய வைப்பது ஹைட்ரஜன் கலந்த வகை. கடினத்தன்மை ஏறக்குறைய 10 முதல் 30 கிகாபாஸ்கல். இயந்திரப் பாகங்களில் அதிகம் காணப்படுவது இதுதான். கிராஃபைட் இலக்கை மின்வில்லால் ஆவியாக்கிப் படிய வைப்பது ஹைட்ரஜன் இல்லாத வகை. இதில் வைரப் பிணைப்பு மிகுதியாக இருந்தால் டிஏ-சி என்பார்கள். கடினத்தன்மை 40 கிகாபாஸ்கலைத் தாண்டும், 80 வரைகூடப் போகும். மூன்றாவது, டங்ஸ்டன் அல்லது சிலிக்கான் சேர்த்த கலப்பு வகை. டங்ஸ்டன் சேர்ந்தது கொஞ்சம் மென்மையானது; ஆனால் விரிசலை நன்றாகத் தாங்கும் என்பதால் பல்சக்கரங்களுக்கு விரும்பப்படுகிறது. கார்பன் படலங்களின் வகைப்பாட்டுக்கு 2017இல் ஐஎஸ்ஓ 20523 என்ற தரநிலையும் வந்துவிட்டது. பூசித் தருபவரிடம் "கறுப்புப் பூச்சு" என்று கேட்டு வாங்காமல் வகை, தடிமன், இடையடுக்கு (உலோகத்துக்கும் கார்பனுக்கும் நடுவே போடும் அடுக்கு), பூசிய வெப்பநிலை ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வேலைக்குப் போகும் முன்பே உரிகிறது

பூச்சு போடும் வெற்றிடக் கலத்தைத் திறந்ததுமே செதில் செதிலாகக் கொட்டிக் கிடக்கிறது. அல்லது அன்று பளபளவென்று இருந்துவிட்டு, அலமாரியில் வைத்த இரண்டொரு நாளில் உரியத் தொடங்குகிறது. சுமையே ஏறவில்லை என்றால், பிரித்த விசை படலத்துக்குள்ளேயே இருந்தது என்று பொருள்.

டிஎல்சி படியும்போது வேகமாக வந்து மோதும் அயனிகள் கார்பன் அணுக்களை நெருக்கித் திணிக்கின்றன. அந்த நெருக்கத்தால்தான் வைரப் பிணைப்பு உருவாகிறது. அதே நெருக்கம் படலத்துக்குள் அமுக்கத் தகைவாகவும் தங்கிவிடுகிறது. ஹைட்ரஜன் கலந்த வகையில் இது சில கிகாபாஸ்கல். டிஏ-சியில் 10 கிகாபாஸ்கல் அளவுக்கும் ஏறலாம். படலம் எந்நேரமும் பக்கவாட்டில் விரியப் பார்க்கிறது, ஒட்டுதல் அதை இழுத்துப் பிடித்திருக்கிறது. பிரிக்கும் ஆற்றல் தடிமன் கூடக் கூட அதே விகிதத்தில் கூடும்; தகைவு இரட்டித்தாலோ நான்கு மடங்காகும். 2 மைக்ரானில் ஒழுங்காக நின்ற பூச்சு 4 மைக்ரானில் தானாக எழும்புவது இதனால்தான். "நீண்ட நாள் உழைக்கட்டும், கொஞ்சம் தடிமனாகவே போடுங்கள்" என்று வாடிக்கையாளர் கேட்பதும், பூசுபவர் மறுக்காமல் போட்டுக் கொடுப்பதும் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிற தவறு. தடிமனைக் கூட்டச் சொல்லும் முன், இருக்கும் தடிமன் எவ்வளவு தேய்ந்தது என்று அளந்து பாருங்கள். பெரும்பாலும் தேயவே தேய்ந்திருக்காது; உரிந்துதான் போயிருக்கும். உரிகிற பூச்சைத் தடிமனாக்கினால் இன்னும் வேகமாக உரியும்.

உரியும் விளிம்பை 100 மடங்கு உருப்பெருக்கத்தில் பாருங்கள். படலம் தரையை விட்டு எழும்பி, ஒரே அகலமுள்ள மேடுகளாக, சம இடைவெளியில் இடமும் வலமும் திரும்பித் திரும்பி ஓடியிருக்கும். பழைய டெலிபோனின் சுருள்கம்பியை ஒத்திருப்பதால் ஆய்வாளர்கள் அதற்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். இந்த மேடு தெரிந்தால் அமுக்கத் தகைவு ஒட்டுதலை மிஞ்சிவிட்டது என்பதில் ஐயம் வேண்டாம். காற்றின் ஈரம் விரிசல் முனையில் புகுந்து பிணைப்பைத் தளர்த்துவதால், ஈரமான அறையில் இந்த மேடுகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீளும். கலத்திலிருந்து நன்றாக வந்த பாகம் சில நாள் கழித்து உரிவதன் விளக்கம் அதுதான்.

இனி, தகைவு மிகுந்ததா, ஒட்டுதல் குறைந்ததா என்று பிரித்தறிய வேண்டும். உரிந்த இடங்களின் அமைப்பே அதைச் சொல்லும்.

பாகம் முழுவதும் ஒரே சீராக உரிந்திருந்தால் தடிமனையும் அயனி மோதும் ஆற்றலையும் சந்தேகியுங்கள். இடையடுக்கு விடுபட்டுப்போனதா என்றும் கேளுங்கள். கார்பன் நேரடியாக எஃகில் நன்றாக ஒட்டாது. அதனால்தான் குரோமியம், டைட்டானியம், சிலிக்கான் போன்ற இடையடுக்கைப் போட்டு, அதன்மேல் படிப்படியாகக் கார்பனுக்கு மாறுகிறார்கள். கூர்முனைகளில் மட்டும் உரிந்திருந்தால் வடிவமைப்பைப் பாருங்கள். கூரிய விளிம்பில் மின்புலம் குவிந்து அயனிகள் அங்கே கடுமையாக மோதும். தகைவும் அங்கேதான் செங்குத்தாகப் படலத்தைத் தூக்கும். விளிம்பைச் சிறிதளவு உருட்டிவிட்டாலே பல பாகங்களில் இந்தத் தொல்லை நின்றுவிடும். குருட்டுத் துளையையோ திருகுப் புரியையோ சுற்றி வளையமாக உரிந்திருந்தால், துளைக்குள் தங்கிய எண்ணெயோ கழுவுநீரோ வெற்றிடத்தில் ஆவியாகி வெளியே வந்து சுற்றுப்புறத்தைக் கெடுத்திருக்கிறது. விரல் அளவில், விரல் வடிவில் உரிந்திருந்தால் அதற்கு மேல் விசாரணை தேவையில்லை: கழுவிய பிறகு யாரோ கையுறை இல்லாமல் தொட்டிருக்கிறார்கள்.

அடுத்து, உரிந்த இடத்தின் தரை எந்த உலோகம் என்று பாருங்கள். தனிமப் பகுப்பாய்வு வசதியுள்ள எலெக்ட்ரான் நுண்ணோக்கி கிடைத்தால் சில நிமிட வேலை. கிடைக்காவிட்டால், சாதாரண எஃகுப் பாகத்தில், படங்கள் எல்லாம் எடுத்து முடித்த பிறகு, தரையில் ஒரு துளி மயில்துத்தக் கரைசல் விட்டுப் பாருங்கள். வெறும் இரும்பு வெளிப்பட்டிருந்தால் செம்பு சிவப்பாகப் படியும். குரோமியம் மூடியிருந்தால் படியாது. துருப்பிடிக்காத எஃகில் இந்தச் சோதனை உதவாது.

தரையில் இரும்பு என்றால் இடையடுக்கும் சேர்ந்தே பெயர்ந்து வந்திருக்கிறது; கோளாறு பாகத்தின் மேற்பரப்பில். அங்கே சந்தேகப் பட்டியல் நீளும். சிலிக்கோன் கலந்த மசகு, கந்தகம் கலந்த வெட்டு எண்ணெய், மெருகேற்றும் பசையின் எச்சம், அரைக்கும்போது கருகிய தோல், மின்பொறி அரிப்பில் உருகி உறைந்த வெள்ளைப் படிவு, எல்லாமே குற்றவாளியாக இருக்கலாம். கழுவிய பாகத்தின் மேல் தூய நீரை ஓட விடுங்கள்: நீர்ப்படலம் உடையாமல் முழுப் பரப்பையும் மூட வேண்டும். திட்டுத் திட்டாக விலகினால் கொழுப்பு இன்னும் போகவில்லை. ஆனால் கருகிய தோலையும் உருகிய படிவையும் எந்தக் கழுவலும் நீக்காது. அவற்றை மெருகேற்றித்தான் எடுக்க வேண்டும்.

தரையில் குரோமியம் என்றால் எஃகுக்கும் இடையடுக்குக்கும் இடையே பிடிப்பு நன்றாகவே இருக்கிறது. கார்பன் தொடங்கிய இடத்தில்தான் பிளவு. இடையடுக்கு முடிந்து கார்பன் தொடங்கும் முன் கலத்தில் காற்று கசிந்திருக்கலாம், மின்தடை ஏற்பட்டு இடைவெளி விழுந்திருக்கலாம், அல்லது படிப்படியான மாற்றத்துக்குக் கொடுத்த நேரம் போதாமல் இருந்திருக்கலாம். இது முழுக்கப் பூசுபவர் பக்கத்துப் பிழை. கலத்தின் அழுத்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள்.

அறிகுறி: வேலையில் ஏறிய பின், சுமை விழும் இடத்தில் மட்டும் உரிகிறது

தொடர்பு இல்லாத இடங்களில் பூச்சு அப்படியே இருக்கிறது; உருளை ஓடும் தடத்தில், கேம் அழுத்தும் கோட்டில் மட்டும் போய்விட்டது. அப்படியென்றால் ஒட்டுதலை விட்டுவிட்டு உலோகத்தின் கடினத்தன்மையை அளக்கப் போங்கள்.

20 கிகாபாஸ்கல் கடினமுள்ள 2 மைக்ரான் படலத்தின் கீழே மென்மையான எஃகு இருந்தால், சுமையில் எஃகு குழியும். படலம் அந்தக் குழிவுக்கு வளைய முடியாமல் வளையம் வளையமாக விரிசல் விடும். பிறகு அந்த விரிசல்களுக்கு நடுவே துண்டு துண்டாகப் பெயரும். பெயர்ந்த துண்டுகள் உராய்வுத் தூளாகி மீதிப் பூச்சையும் சுரண்டும். இதைப் பூச்சின் தரக்குறைவு என்று எழுதி அனுப்பினால், நல்ல பூச்சைக் குறை சொல்லி வேறு நல்ல பூச்சை வாங்கி, அதையும் இழப்பீர்கள்.

இங்கே உதவுவது ராக்வெல் பதிவுச் சோதனை. கடினத்தன்மை அளக்கும் அதே 120 பாகை வைரக் கூம்பு, அதே 150 கிலோ சுமை. குழியின் ஆழத்தை விட்டுவிட்டுக் குழியைச் சுற்றியுள்ள விளிம்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். எச்எஃப்1 முதல் எச்எஃப்6 வரை தரம் பிரிப்பார்கள். மெல்லிய ஆரை விரிசல்கள் மட்டும் என்றால் 1, 2. அங்கங்கே சிறு பெயர்ப்பு என்றால் 3, 4. குழியைச் சுற்றிலும் பட்டையாக உரிந்தால் 5, 6. முதல் நான்கும் ஏற்கத்தக்கவை, கடைசி இரண்டும் தள்ளுபடி. சோதனைத் துண்டில் எச்எஃப்1 வந்து, வேலையில் மட்டும் பூச்சு உரிகிறது என்றால் அந்தத் துண்டின் எஃகும் உங்கள் பாகத்தின் எஃகும் ஒன்றுதானா என்று கேளுங்கள். கடினமான எஃகுத் துண்டில் வாங்கிய மதிப்பெண் மென்மையான எஃகுப் பாகத்துக்குச் செல்லாது.

கடினமான எஃகில்தான் பூசினோம் என்றாலும் விடாதீர்கள், பூசிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். பேரிங் எஃகையும், கார்பன் ஏற்றிக் கடினப்படுத்திய பல்சக்கர எஃகையும் வழக்கமாக 150 முதல் 200 டிகிரி செல்சியஸில்தான் டெம்பர் செய்கிறார்கள் (கடினப்படுத்திய பின் மிதமாகச் சூடாக்கி, நொறுங்கும் தன்மையைக் குறைப்பது). கலத்தில் பாகம் 250 டிகிரியைத் தொட்டால் கடினத்தன்மை இறங்கும், அளவும் மாறும். பூச்சு வெப்பநிலை கடைசி டெம்பர் வெப்பநிலைக்குக் கீழேயே இருக்க வேண்டும் என்ற விதியில் விட்டுக்கொடுப்பே கூடாது. மெல்லிய முனைகளும் சிறிய பாகங்களும் வெப்பமானி காட்டுவதைவிடச் சூடாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அதிவேக எஃகு, சூட்டு வேலை எஃகு போன்றவற்றை 500 டிகிரிக்கு மேல் டெம்பர் செய்திருப்பார்கள் என்பதால் அவற்றில் இந்தக் கவலை குறைவு.

மென்மையான எஃகை மாற்ற வழியில்லை என்றால் பூசும் முன் நைட்ரைடிங் செய்து (மேற்பரப்பில் நைட்ரஜன் ஏற்றி) கீழே கடினமான அடுக்கு ஒன்றை உருவாக்கலாம். ஆனால் நைட்ரைடிங்கில் மேலே உருவாகும் வெள்ளை அடுக்கு நொறுங்கும் தன்மை உடையது. அதை உருவாக விடாமல் செயல்முறையை நடத்த வேண்டும், அல்லது மெருகேற்றி எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் பூச்சு எஃகைப் பிடிக்காது. நொறுங்கும் அந்தத் தோலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

அறிகுறி: உரியவில்லை, ஆனால் சீக்கிரமே தேய்ந்துவிட்டது

தேய்ந்த தடத்தின் விளிம்பு உடைந்த ஓரமாக இல்லாமல் சரிவாக, மெதுவாக மங்கிக்கொண்டே போனால் அது தேய்மானம்தான். எவ்வளவு தேய்ந்தது என்று அளக்க எளிய கருவி உண்டு. எஃகுக் குண்டு ஒன்றை வைரத் துகள் பசையோடு பூச்சின் மேல் சுழல விட்டு ஒரு சிறு குழி தோண்டுவார்கள். மேலிருந்து பார்த்தால் இரண்டு வட்டங்கள் தெரியும்: வெளி வட்டம் பூச்சின் மேற்பரப்பில், உள் வட்டம் உலோகம் தொடங்கும் இடத்தில். வெளி விட்டத்தின் வர்க்கத்திலிருந்து உள் விட்டத்தின் வர்க்கத்தைக் கழித்து, குண்டு விட்டத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் தடிமன். 30 மில்லிமீட்டர் குண்டில் வெளி விட்டம் 0.9, உள் விட்டம் 0.7 மில்லிமீட்டர் என்றால் 0.81 கழித்தல் 0.49, அதாவது 0.32, அதை 120ஆல் வகுக்க ஏறக்குறைய 2.7 மைக்ரான். தேயாத இடத்தில் ஒன்று, தேய்ந்த இடத்தின் பக்கத்தில் ஒன்று எடுத்து ஒப்பிடுங்கள். தொடக்கத்திலேயே 1 மைக்ரான்தான் இருந்தது என்று தெரிய வந்தால், தேய்மானத்தைப் பற்றிய விவாதமே வேறு திசையில் போகும்.

தடிமன் சரியாக இருந்தது, ஆனாலும் தேய்ந்தது என்றால் மூன்று சந்தேகங்கள்.

ஒன்று, தூசு. குவார்ட்சின் கடினத்தன்மை டிஎல்சியைவிடக் குறைவுதான்; ஆனாலும் 20 மைக்ரான் மணல் துகள் 2 மைக்ரான் படலத்தை அழுத்தும்போது கீழே உள்ள உலோகம் குழிந்து படலம் கிழிகிறது. அரைக்கும் சக்கரத்திலிருந்து வரும் அலுமினாத் துகள் இதைவிட மோசம். தடத்தில் ஓடும் திசையிலேயே நேர்க் கீறல்கள் தெரிந்தால் எண்ணெய் வடிகட்டியையும் அடைப்பு வளையத்தையும் பாருங்கள்.

இரண்டு, சூடு. ஹைட்ரஜன் கலந்த வகை 300 முதல் 350 டிகிரி வாக்கில் ஹைட்ரஜனை இழந்து கிராஃபைட்டாக மாறத் தொடங்குகிறது. பாகத்தின் சராசரி வெப்பநிலை 120 டிகிரிதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. உரசும் புள்ளியில் கண நேரத்துக்கு எழும் சூடு அதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும். இதை உறுதி செய்ய ராமன் நிறமாலை (லேசர் ஒளி சிதறுவதை வைத்து அணுக்களின் பிணைப்பைக் காட்டுவது) எடுங்கள். நல்ல படலத்தில் 1540 அலையெண் வாக்கில் அகலமான ஒரு முகடும், 1350 வாக்கில் அதன் தோளாக ஒரு மேடும் இருக்கும். கிராஃபைட்டாக மாறியிருந்தால் பெரிய முகடு 1580ஐ நோக்கி நகரும், தோள் தனி முகடாக எழும். தேய்ந்த தடத்திலும் தேயாத இடத்திலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். சூடுதான் காரணம் என்றால் சிலிக்கான் சேர்த்த வகை ஓரளவு கூடுதலாகத் தாங்கும். அதற்கும் மேலே போனால் கார்பனை விட்டுவிட்டு நைட்ரைடு பூச்சுகளுக்குப் போவதே நல்லது. எஃகை வெட்டும் கருவிகளுக்கு டிஎல்சி பொருந்தாததும் இதனால்தான்: சூடான இரும்பு கார்பனைக் கரைத்துக்கொள்கிறது. அலுமினியத்தில் அந்தப் பிரச்சினை இல்லை, ஒட்டாமல் வெட்டும்.

மூன்று, எண்ணெய். இதைத்தான் பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள். மாலிப்டினம் டைதயோகார்பமேட் என்ற உராய்வு குறைக்கும் சேர்மம் பல எஞ்சின் எண்ணெய்களில் உண்டு. எஃகு எஃகின் மேல் உரசும்போது அது அருமையாக வேலை செய்யும். ஆனால் ஹைட்ரஜன் கலந்த டிஎல்சி எஃகோடு உரசும் இடத்தில் அதே சேர்மம் படலத்தின் தேய்மானத்தை வேகப்படுத்துகிறது. ஆய்வுகளில் இது பலமுறை பதிவாகியிருக்கிறது. எண்ணெய் மாற்றிய பிறகுதான் தேய்மானம் தொடங்கியதா என்று பராமரிப்புப் பதிவைப் புரட்டுங்கள். அப்படியென்றால் பூச்சை மாற்றும் முன் எண்ணெயை மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி: உராய்வு குறையவில்லை

பூச்சு அப்படியே இருக்கிறது, தேயவும் இல்லை. ஆனால் எதிர்பார்த்த வழுக்கல் வரவில்லை. ஓடும் சூழலைக் கேளுங்கள். ஹைட்ரஜன் மிகுந்த படலம் வெற்றிடத்திலும் உலர்ந்த நைட்ரஜனிலும் 0.01க்கும் கீழான உராய்வுக் குணகம் தரும்; அதுவே ஈரமான காற்றில் 0.1, 0.2 என்று ஏறிவிடும். ஹைட்ரஜன் இல்லாத வகை இதற்கு நேர் எதிர்: காற்றில் ஈரம் இருந்தால் 0.1 வாக்கில் நன்றாக ஓடும், வெற்றிடத்தில் 0.5ஐத் தாண்டிக் கரகரக்கும். மேற்பரப்புக் கார்பன் அணுக்களின் திறந்த பிணைப்புகளை ஹைட்ரஜனோ நீராவியோ வந்து மூட வேண்டும். மூட எதுவும் இல்லாவிட்டால் எதிர்ப்பரப்போடு போய்ப் பிணைந்துகொள்ளும். வெற்றிட இயந்திரத்துக்குக் கடினமானது என்பதற்காக டிஏ-சியைத் தேர்ந்தெடுத்தவர்களும், ஈரமான அறையில் ஓடும் பாகத்துக்கு வெற்றிடத்தில் எடுத்த எண்ணை நம்பியவர்களும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்று: தொடக்கத்தில் உராய்வு உயர்ந்து பிறகு இறங்குவது இயல்பு. உரசும்போது கார்பனில் ஒரு சிறு பகுதி எதிர்ப்பரப்புக்கு மாறி அங்கே மெல்லிய படிவாக உட்காருகிறது. அதன் பிறகு கார்பன் மேல் கார்பன்தான் ஓடுகிறது. ஒவ்வொரு சோதனைக்கும் நடுவே எதிர்ப்பரப்பைக் கரைப்பான் போட்டுத் துடைத்தால் அந்தப் படிவை நீங்களே அழிக்கிறீர்கள். எண் மறுபடியும் மேலே போகும்.

அறிகுறி: பூச்சு நன்றாக இருக்கிறது, எதிர்ப் பாகம் தேய்கிறது

பூச்சு கீழே உள்ள பரப்பின் மேடுபள்ளத்தை நிரப்பாது, அப்படியே நகலெடுக்கும். அரைத்த கோடுகள் மீதமுள்ள எஃகில் பூசினால் கிடைப்பது மிகக் கடினமான அரம். சறுக்கி ஓடும் பாகங்களில் சராசரிக் கரடுமுரடு 0.1 மைக்ரானுக்குள் இருக்குமாறு மெருகேற்றிய பிறகே பூச அனுப்புங்கள். வில்முறையில் பூசிய ஹைட்ரஜன் இல்லாத படலங்களில் கிராஃபைட் துளிகள் மேடாக ஒட்டியிருக்கும். வடிகட்டிய வில்முறையில் அவை வெகுவாகக் குறையும். வடிகட்டாத முறை என்றால் பூசிய பிறகும் ஒருமுறை மெருகேற்றியாக வேண்டும். பித்தளை, வெண்கலம், பாலிமர் போன்ற மென்மையான எதிர்ப்பரப்புகளில் இந்த விஷயத்தில் சமரசம் செய்தால் எதிர்ப் பாகத்தை இழப்பீர்கள்.

அறிகுறி: துருப் புள்ளிகள்

கார்பன் துருப்பிடிக்காது, அமிலத்துக்கும் அசையாது. ஆனால் படலத்தில் ஊசித்துளைகள் உண்டு. உப்பு நீர் துளை வழியே எஃகைத் தொட்டதும், சுற்றியுள்ள கார்பன் பரப்பு முழுவதும் பெரிய எதிர்முனையாகவும் துளையின் அடியில் உள்ள துளி எஃகு சிறிய நேர்முனையாகவும் மாறக்கூடும். அப்போது அரிப்பு அந்த ஒரு புள்ளியில் குவியும். பூசாத எஃகு சீராகத் துருப்பிடித்திருக்கும். பூசியது குழி குழியாக அரிக்கும்.

துளைகளைக் கண்ணால் காண, பொட்டாசியம் ஃபெரிசயனைடும் சமையல் உப்பும் கலந்த கரைசலில் வடிதாளை நனைத்து, கழுவி உலர்த்திய பூச்சின் மேல் சில நிமிடம் ஒட்டி வையுங்கள். இரும்பு வெளியே தெரியும் ஒவ்வொரு துளையும் தாளில் ஒரு நீலப் புள்ளியாகப் பதியும். (அந்தக் கரைசலை அமிலத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், நச்சு வாயு எழும்.) புள்ளிகள் வரிசையாக எஃகு உருட்டப்பட்ட திசையில் விழுந்தால், எளிதில் வெட்டப்படுவதற்காகக் கந்தகம் சேர்த்த எஃகின் சல்பைடு இழைகள்தான் காரணம், எஃகு ரகத்தை மாற்றுங்கள். சிதறலாக விழுந்தால் பூசும்போது படிந்த தூசு. கலத்தின் சுவர்களில் பழைய கார்பன் செதில்கள் தொங்குகின்றனவா என்று பூசுபவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீரில் நெடுநாள் இருக்கும் பாகங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. 1990களில் டிஎல்சி பூசிப் பொருத்திய செயற்கை இடுப்பு மூட்டுகள் முதலில் நன்றாக இயங்கி, சில ஆண்டுகளுக்குப் பிறகு உரியத் தொடங்கின. ஊசித்துளை வழியே புகுந்த உடல் திரவம் கார்பனுக்குக் கீழே இருந்த இடையடுக்கை மெதுவாக அரித்துக்கொண்டே போனது. அன்றைய ஒட்டுதல் சோதனை எதுவும் அதைக் காட்டியிருக்காது. ஈரத்தில் வாழப்போகும் பாகத்துக்கு இடையடுக்கின் அரிப்பு எதிர்ப்பையும் சேர்த்துக் கேளுங்கள். சோதனைத் துண்டை உப்புநீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, பிறகு ராக்வெல் பதிவு எடுங்கள்.

அறிகுறி: நிறம் சரியில்லை

வானவில் நிறங்கள் தெரிந்தால் அங்கே படலம் மிக மெல்லியது. பெரும்பாலும் துளையின் உட்புறம், பிடிப்பானின் நிழல் விழுந்த ஓரம். துளைக்குள் அதன் விட்டத்துக்குச் சமமான ஆழம் வரைதான் ஒழுங்கான பூச்சை எதிர்பார்க்கலாம். வெள்ளைத் துணியில் கறுப்பாக ஒட்டினால் அது படலம் இல்லை, புகைக்கரி. அயனி மோதல் கிடைக்காத மறைவிடத்தில் படிந்தது, துடைத்துவிடலாம். உருகிய விளிம்போடு சிறு குழிகள் இருந்தால் பூசும்போது மின்பொறி பாய்ந்திருக்கிறது; உரசும் பரப்பில் இருந்தால் பாகத்தை ஏற்காதீர்கள். இவை தவிர, கறுப்பின் ஆழத்தில் தொகுதிக்குத் தொகுதி தெரியும் சிறு வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் பொருள் இல்லை.

மறுபூச்சு

பழைய பூச்சின் மேல் புதியதைப் போடவே கூடாது. இரண்டின் தகைவும் சேரும், ஒட்டுதலோ கீழே உள்ள நலிந்த ஒன்றை நம்பியே நிற்கும். கார்பன் அமிலத்திலும் காரத்திலும் கரையாது. ஆக்சிஜன் மின்மத்தில் எரித்து எடுப்பார்கள், பிறகு குரோமிய இடையடுக்கை வேதிக் கரைசலில் நீக்குவார்கள். டங்ஸ்டன் கார்பைடு கருவி என்றால் அந்தக் கரைசல் கார்பைடு துகள்களைப் பிணைக்கும் கோபால்ட்டையும் தின்றுவிடக்கூடும். தோல் பொத்தலாகி, அடுத்த பூச்சு நிற்காது. மணல் வீச்சில் எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் மெருகேற்றிய பரப்பைக் கொடுக்காதீர்கள். நீக்கிய பின் கடினத்தன்மை, கரடுமுரடு, அளவு மூன்றையும் மறுபடி அளந்த பிறகே பூச அனுப்புங்கள்.

அனுப்பும்போது எஃகின் ரகம், கடைசியாக டெம்பர் செய்த வெப்பநிலை, பயன்படுத்திய வெட்டு எண்ணெய், எதிரே உரசும் பொருள், ஓடும் எண்ணெய், தொடக்கத்தில் எடுத்த காயத்தின் படங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் பாகத்தின் அதே எஃகில், அதே பதத்தில், அதே மெருகில் ஒரு சோதனைத் துண்டும் உடன் போகட்டும். அது பாகத்தின் பக்கத்திலேயே, அதே கலத்தில், அதே சுற்றில் பூசப்பட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் துண்டின் பாதியில் தடிமனும் ஒட்டுதலும் பாருங்கள். மறு பாதியைத் தொடாமல், பூசிய தேதியை எழுதி எடுத்து வையுங்கள். பாகத்தில் பின்னாளில் கோளாறு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேலையில் ஏறாத ஒரு பூச்சு தேவைப்படும்.